எரிந்த ஊருக்கு எப்போது போகலாம்? (பயணம்: வாசகர் கேள்வி–பதில்)

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரிடமிருந்தும், அங்கேயே குடியேறிவிட்ட வாசகர்களிடமிருந்தும் காட்டுத்தீ பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: என் மகள் சிட்னியில் இருக்கிறாள். வரும் டிசம்பரில் நாங்கள் போகும்போது தெற்குக் கடற்கரையோரமாக ஒரு வாரம் காரில் சுற்றிவரலாம் என்று திட்டமிட்டிருக்கிறாள். அந்தப் பகுதி சில ஆண்டுகளுக்கு முன் காட்டுத்தீயில் பெரும் சேதம் அடைந்ததாமே? வீடுவாசல் இழந்து மனிதர்கள் தவித்த இடத்துக்கு உல்லாசமாகப் போய்வருவது பாவமில்லையா என்று என் நாத்தனார் கேட்கிறார். எனக்கும் அது உறுத்துகிறது.
– ஈரோடு வாசகி

பதில்: உங்கள் நாத்தனார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் 2020 ஜனவரியில், புகை முழுதாக அடங்கும் முன்பே, தங்கள் ஊருக்கு வரும்படி மற்றவர்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் கேட்டார்கள் என்பது புரிய வேண்டுமானால் அந்தக் கோடையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 2020 மார்ச் வரை நீடித்த அந்தத் தீப்பருவத்தை ஆஸ்திரேலியர்கள் 'கறுப்புக் கோடை' என்று அழைக்கிறார்கள். வறட்சியில் காய்ந்து கிடந்த காடுகளில், பல இடங்களில் மின்னலால் மூண்ட தீ, 33 பேரின் உயிரை நேரடியாகப் பறித்தது. 3,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அந்நாட்டு அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் கணக்குப்படி 2.4 கோடி ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் எரிந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1.3 கோடி ஹெக்டேர்தான். நீங்கள் போகவிருக்கும் தெற்குக் கடற்கரைக்கு மிகக் கொடிய நாள் 2019 டிசம்பர் 31. அன்று கோபார்கோ என்னும் சிற்றூரின் பழைய கடைத்தெருவில் ஒரு பகுதி சாம்பலானது. மோகோவில் கடைகளும் வீடுகளும் போயின. மாநில எல்லைக்கு அப்பால், விக்டோரியாவின் மல்லகூட்டாவில், பகலிலேயே இருண்டு பிறகு செக்கச் சிவந்த வானத்தின் கீழே சுமார் 4,000 பேர் கடலோரத்தில் ஒண்டி நின்றார்கள். அந்த ஊருக்குப் போகும் ஒரே தார்ச்சாலையும் அடைபட்டுவிட்டதால், அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கடற்படைக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஜனவரி 2 அன்று, பேட்மன்ஸ் பே முதல் விக்டோரியா எல்லை வரையிலான கடற்கரை முழுவதிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வெளியேற வேண்டும் என்று தீயணைப்புச் சேவை அறிவித்தது.

உங்கள் நாத்தனாரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. அந்தக் கடலோர ஊர்களுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி இறுதி வரையிலான பள்ளி விடுமுறைதான் வருமானக் காலம்; அந்தச் சில வாரங்களில் தங்கும் விடுதியும் ரொட்டிக்கடையும் படகுத்துறையும் ஈட்டுவதைக் கொண்டுதான் குளிர்காலத்தை ஓட்டுவார்கள். அந்த வாரங்களில் ஊரே காலியாக்கப்பட்டது. தீயில் எரிந்த கடைகளைவிட, தீயே தொடாமல் வருமானம் இழந்த கடைகள் மிக அதிகம். சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸ் மலைத்தொடரின் உலகப் பாரம்பரியப் பகுதியில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்தது உண்மை. ஆனால் பயணிகள் போய்த் தங்கும் கட்டூம்பா நகரம் எரியவே இல்லை. தொலைக்காட்சியில் தீயைக் கண்ட வெளிநாட்டார் அங்கும் போக வேண்டாம் என்று முன்பதிவை ரத்து செய்தார்கள். ஜனவரி 19 அன்று மத்திய அரசு சுற்றுலாத் துறையை மீட்க 7.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. உள்நாட்டுப் பயணிகள் மெல்லத் திரும்பத் தொடங்கிய வேளையில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 20 அன்று மூடப்பட்ட நாட்டின் எல்லை, நம்மைப் போன்ற சுற்றுலா விசாக்காரர்களுக்கு 2022 பிப்ரவரி 21 அன்றுதான் திறந்தது.

எனவே உறுத்தல் இல்லாமல் போய்வாருங்கள். தீயின் தடத்தைத் தேடிப் போகிற பயணியைவிட, கடலையும் பாலாடைக்கட்டியையும் மலைப்பாதையையும் தேடிப் போகிற சாதாரணப் பயணிதான் அந்த ஊர்களுக்கு வேண்டியவர். சிட்னியிலிருந்து தெற்கே போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசப் பெருமாளைச் சேவித்து, வொல்லங்கொங்கில் கடலை எட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். உங்கள் மகள் அதற்கும் மேலே மூன்று நான்கு மணி நேரம் ஓட்டத் தயாராக இருக்கிறாள் என்றால் தடுக்காதீர்கள்.

கேள்வி: வரச்சொல்லும் ஊர், வரவேண்டாம் என்னும் ஊர் என்று வேறுபாடு உண்டா? பேரிடர் நடந்து எவ்வளவு காலம் கழித்துப் போவது முறை?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இத்தனை மாதம் என்று கணக்கு ஏதும் கிடையாது. ஆனால் வேறுபாடு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியின் மேற்குக் கரையில் உள்ள லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8 அன்று எரிந்தது. 102 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் அப்பகுதியின் சுற்றுலா ஓட்டல் அறைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 8 முதல் மேற்கு மாவியைச் சுற்றுலாவுக்குத் திறப்பதாக ஆளுநர் ஜாஷ் கிரீன் அறிவித்தபோது, தள்ளிவைக்கும்படி கேட்டு ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். உறவினரின் இறுதிக் கடமைகள்கூட முடியாத ஓட்டல் பணியாளர், தாம் அகதியாகத் தங்கியிருக்கும் அதே கட்டடத்தில், 'விடுமுறை எப்படிப் போகிறது?' என்று சிரித்த முகத்துடன் விருந்தினரைக் கேட்க வேண்டிய நிலை அது.

அதே ஊரில் மற்றொரு குரலும் எழுந்தது. வேலை இல்லை, வாடகைக்கு வழியில்லை, ஆகவே சீக்கிரம் திறவுங்கள் என்றவர்களும் லஹைனாவில் வீடிழந்தவர்களே. இரு தரப்பும் சொன்னது உண்மைதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாம் துக்கம் விசாரிக்கப் போகிறோம். ஆனால் காரியம் முடிவதற்குள் அந்த வீட்டில் விருந்தை எதிர்பார்த்து உட்கார மாட்டோம். அதே குடும்பம் பிழைப்புக்காகத் தன் கடையைத் திறந்துவிட்டால், அங்கே போய்ச் சாமான் வாங்காமல் ஒதுங்கி நிற்பதும் சரியாகாது.

ஆகவே நாள் கணக்கைப் பார்ப்பதைவிட நிலவரத்தைப் பார்ப்பதே சரி. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் அறை வீடிழந்தவருக்குத் தேவைப்படும் அறையா? நீங்கள் போகும் சாலை இன்னும் தீயணைப்பு வண்டிகளுக்கும் மின்கம்பம் நடுவோருக்கும் ஒதுக்கப்பட்ட சாலையா? இறந்தவர்களைத் தேடும் பணி நடந்துகொண்டிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் போகக் கூடாது. இல்லையென்றால், அந்த ஊராட்சியும் சுற்றுலா வரவேற்பு மையமும் என்ன சொல்லியிருக்கின்றன என்று பாருங்கள். மையத்துக்குத் தொலைபேசியில் பேசுவது இன்னும் நல்லது. இன்னொன்று: எரிந்தது லஹைனா; ஆனால் எரியாத கிஹேய், வைலேயா போன்ற இடங்களுக்கும் ஆள் வராமல் போனது. ஒரு பெயரைச் செய்தியில் கேட்டவுடன் தீவையே கைகழுவிவிடுவது நமக்கு எளிது. அங்கே கூலி வேலை செய்கிறவருக்கு அப்படி இல்லை.

கேள்வி: எரிந்துபோன காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கப்போகிறது?
– மதுரை வாசகர்

பதில்: நிறைய இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நீலகிரியில் தைலமரம் என்று நாம் அறிந்த யூகலிப்டஸ் குடும்பத்து மரங்களில் பல, தீயோடு வாழப் பழகியவை. அடிமரத்தின் தடித்த பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள், தீ பட்டு உச்சிக்கிளைகள் போன பிறகு விழித்துக்கொள்ளும். கருகிய தண்டு முழுவதும் கம்பளி போர்த்தியதுபோல் பச்சை துளிர்க்கும். தீ நடந்த சில வாரங்களிலேயே இதைக் காணலாம். புல்மரம் எனப்படும் ஒருவகைச் செடி தீக்குப் பிறகுதான் அதிகமாகப் பூக்கும். புளூ மவுண்டன்ஸில் 2021 தொடக்கத்தில், தீயும் அதைத் தொடர்ந்த நல்ல மழையும் சேர்ந்து, இளஞ்சிவப்பு ஃபிளானல் பூக்களை மலைச்சரிவு முழுவதும் மலரவைத்தன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்படிக் கூட்டமாகப் பூக்கும் செடி அது. பார்க்க வந்த கூட்டத்தின் காலடியில் செடிகள் மிதிபடும் என்ற கவலையும் அதோடு எழுந்தது. தேசியப் பூங்காவில் பூப்பறிப்பது அங்கே குற்றம். பாதையை விட்டு இறங்கிப் படமெடுப்பதும் ஏறக்குறைய அதே அளவு கெடுதல்.

மறுபக்கமும் உண்டு. எல்லாம் துளிர்த்துவிட்டது என்று எழுதும் பயணக் கட்டுரைகளை நம்பாதீர்கள். உயர்ந்த மலைப்பகுதியில் வளரும் ஆல்பைன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ் வகை கடும் தீயில் செத்துவிடும். விதையிலிருந்துதான் மறுபடி வர வேண்டும். அந்த இளங்கன்றுகள் தாமே விதை தருவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் காடே மாறிவிடும். இன்றும் அப்படிப்பட்ட சரிவுகளில் வெள்ளை எலும்புகள்போல் மரங்கள் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கோடையில் இறந்தோ இடம்பெயர்ந்தோ போன விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் தவளைகளும் ஏறத்தாழ 300 கோடி என்று அறிவியலாளர்கள் மதிப்பிட்டார்கள்.

பார்க்கவே முடியாத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வோலமை பைன் என்னும் மரம், டைனோசர் காலத்து வம்சம், உயிரோடு இருப்பது 1994இல்தான் தெரியவந்தது. சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் இயற்கையாக நிற்பவை 200க்கும் குறைவு. 2019 அக்டோபர் 26 அன்று மின்னலால் மூண்டு 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீ அந்தப் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி நீர்த்தெளிப்பான் அமைத்து அவற்றைக் காப்பாற்றினார்கள். இடம் எது என்பது இன்றும் ரகசியம். காரணம் எளிது: நம் செருப்பில் ஒட்டிவரும் மண்ணில் உள்ள வேரழுகல் நோய்க்கிருமி, தீ செய்யாததைச் செய்துவிடும். நடைபாதைகளின் வாயிலில் காலணியைத் தேய்த்துக் கழுவ வைத்திருக்கும் தூரிகையையும் மருந்தையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வெளியூர் போகும்போது புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அந்த ஊர்களுக்கு உதவ வேண்டும் என்றால் இதை விட்டுவிட வேண்டுமா?
– மெல்பர்ன் வாசகி

பதில்: புளியோதரையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்குக் கட்டாதீர்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியர்களிடையே 'எம்ப்டி எஸ்கி' என்றோர் இயக்கம் பரவியது. எஸ்கி என்பது அவர்கள் பயணத்துக்கு எடுத்துச்செல்லும் ஐஸ்பெட்டி. நகரத்துப் பேரங்காடியில் அதை நிரப்பிக்கொண்டு கிளம்பாமல், காலிப் பெட்டியோடு போய், தீ பாதித்த ஊரின் கடைகளில் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் வேண்டுகோள். இதைவிடத் தெளிவான யோசனையை நான் இந்த விஷயத்தில் கேட்டதில்லை.

சைவர்களுக்கு வாங்க என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். கோபார்கோவுக்கு அருகே மத்தியத் தில்பா என்னும் பழைய கிராமத்தில் பால்பண்ணைப் பொருள்கள் செய்யும் இடம் இருக்கிறது. பீகா வட்டாரமே பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் பெற்றது. பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதியைச் சேர்க்கும் வகைகளும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள். புளூ மவுண்டன்ஸ் பக்கம் போனால் பில்பினிலும், தெற்கே உள்நாட்டுப் பக்கம் போனால் பேட்லோவிலும் ஆப்பிள். இரண்டு ஊர்த் தோட்டங்களும் அந்தக் கோடையில் தீயைக் கண்டவை. வழியில் பண்ணை வாசலில் பழமும் முட்டையும் ஜாமும் வைத்து, ஆள் இல்லாமல் ஓர் உண்டியல் மட்டும் வைத்திருப்பார்கள். அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் பெரிய நகரத்தில் முழுதாக நிரப்பிக்கொண்டு போகாமல் சிற்றூரில் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓர் இரவு தங்குவது. பகலில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர் விட்டுச் செல்வது ஒரு காபி விலை. அறையை இணையத் தரகு நிறுவனத்தின் வழியாக எடுக்காமல் விடுதிக்காரருக்கே நேரடியாகப் பேசி எடுத்தால் தரகுத் தொகையும் அவருக்கே மிஞ்சும்.

கங்காரு தீவுக்குப் போவதாக இருந்தால் மட்டும் கட்டுச்சோற்றில் எச்சரிக்கை தேவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் கேப் ஜெர்விஸிலிருந்து படகில் முக்கால் மணி நேரத்தில் போகும் அந்தத் தீவின் ஏறத்தாழ பாதி 2019–20இல் எரிந்தது. 1880களில் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட லிகூரியத் தேனீக்கள் கலப்பில்லாமல் அங்கே காக்கப்படுகின்றன. அவற்றுக்கு நோய் வராமலிருக்க வெளியிலிருந்து தேன் கொண்டுபோகத் தடை உண்டு. உருளைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே சப்பாத்திக்குச் செய்யும் உருளைக்கிழங்குக்கு வீட்டிலிருந்து கிழங்கை எடுத்துச் செல்லும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கிருந்து தேன் வாங்கி வரலாம். தேன் எடுத்த காடும் பல கூடுகளும் எரிந்த பிறகு மீண்ட தொழில் அது.

கேள்வி: அங்குள்ளவர்களிடம் தீயைப் பற்றிக் கேட்கலாமா? எரிந்த வீடுகளைப் படம் எடுக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: படத்தைப் பற்றி முதலில். வீடு எரிந்த மனை இன்னும் ஒருவருடைய வீடுதான். வேலி இல்லாவிட்டாலும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மரியாதையைத் தாண்டி உடல்நலக் காரணமும் உண்டு: பழைய ஆஸ்திரேலிய வீடுகளின் சுவர்த் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, பதப்படுத்திய மரத்தூண்கள் எரிந்த சாம்பலில் ஆர்சனிக் இருக்கும். லஹைனாவில் எரிந்த பகுதியைக் கடக்கும் நெடுஞ்சாலையோரம் நின்று படமெடுக்க வேண்டாம் என்ற கோரிக்கை நீண்ட நாள் இருந்தது. பொது இடத்துக் கட்டடத்தையோ, துளிர்க்கும் காட்டையோ எடுங்கள். மனிதரையும் மனையையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பேசுவதைப் பொறுத்தவரை, கோபார்கோவில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஊர் எரிந்து இரண்டே நாளில், 2020 ஜனவரி 2 அன்று, அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன் அங்கே போனார். அதற்கு முன் டிசம்பரில், நாடு எரிந்துகொண்டிருக்கும்போது குடும்பத்தோடு ஹவாய்க்கு விடுமுறைக்குப் போயிருந்தவர் என்ற கோபம் ஊரில் இருந்தது. கைகுலுக்க மனமில்லாத ஓர் இளம்பெண்ணின் கையை அவரே பிடித்துக் குலுக்கினார். தீயணைப்புச் சேவைக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நடந்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சொல்ல விரும்பாதவரிடம் பிடுங்குவதும், சொல்ல வந்தவரைக் கேட்காமல் போவதும் ஆகிய இரண்டு பிழைகளும் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தன.

கடைக்காரரிடம் 'உங்கள் வீடு தப்பித்ததா?' என்று ஆரம்பிக்காதீர்கள். வியாபாரம் எப்படி இருக்கிறது, இங்கே பார்க்க என்ன உண்டு என்று கேளுங்கள். சொல்ல விருப்பமிருந்தால் அவரே தீயைப் பற்றிச் சொல்வார்; அப்போது அவசரப்படாமல் கேளுங்கள். நாள் முழுவதும் வருகிற ஒவ்வொருவருக்கும் அதே கதையைச் சொல்லிச் சலித்தவரும் இருப்பார். சில கதைகளை அவர்களே விரும்பிச் சொல்வார்கள். மோகோவின் விலங்குக் காட்சிச்சாலையில் அன்று ஊழியர்கள் வெளியேறாமல் நின்று எல்லா விலங்குகளையும் காப்பாற்றினார்கள். சிறு குரங்குகளை அங்கேயே இருந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டால் மகிழ்ச்சியோடு பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: எனக்கு 68 வயது; ஆஸ்துமா உண்டு. மறுபடியும் தீ வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: பயம் தேவையில்லை, தயாரிப்பு தேவை. 2022 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் ஒரே தீயபாய அளவுகோல் இருக்கிறது. மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் என்று நான்கு படிகள். சாலையோரத்தில் அரைவட்டப் பலகையில் முள் காட்டும். நான்காம் படி என்றால் உயிர் பிழைக்க அந்தப் பகுதியை விட்டு முன்பே விலக வேண்டும் என்று பொருள். எக்ஸ்ட்ரீம் என்று வந்தாலே, ஊர் பழகாத நீங்கள் காட்டுப் பகுதிப் பயணத்தை அன்று ஒத்திவையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 'ஹசார்ட்ஸ் நியர் மீ', விக்டோரியாவில் 'விக்எமர்ஜென்சி' ஆகிய செயலிகளை மகனையோ மகளையோ கொண்டு உங்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் செயலியை மட்டும் நம்பாதீர்கள்: 2020 புத்தாண்டு வாரத்தில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல ஊர்களில் போய்விட்டன; அட்டையால் பணம் செலுத்த வழியில்லாமல், ரொக்கம் வைத்திருந்தவர்தான் பெட்ரோல் போட முடிந்தது. கையில் கொஞ்சம் ரொக்கம், பாதிக்குக் கீழே இறங்காத பெட்ரோல் தொட்டி, காரில் ஏபிசி உள்ளூர் வானொலி அலைவரிசை ஆகியவை அவசியம். அவசர எண் 000.

மூச்சைப் பற்றிக் கேட்டது மிக முக்கியம். அந்தக் கோடையில் தீ நேரடியாகக் கொன்றவர்களைவிடப் புகை கொன்றவர்கள் பன்மடங்கு. கிழக்கு மாநிலங்களில் சுமார் 400 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் தீயின் புகையும் சிட்னியை மூடியது. இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மருத்துவரின் சீட்டையும், சாதாரணத் துணிமுகமூடி போதாது என்பதால் பி2 அல்லது என்95 வகை முகமூடியையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பழைய துணிகள், போர்வைகள் சேர்த்து அனுப்பலாமா? அல்லது பணமா? நாங்கள் ஒரு சிறு குழுவாக ஏதாவது செய்ய விரும்புகிறோம்.
– பாரமட்டா வாசகர்

பதில்: துணி வேண்டாம். ஒவ்வொரு பேரிடரிலும் மண்டபம் நிரம்பக் குவியும் பழந்துணியைப் பிரித்து அடுக்குவதே அந்த ஊர்த் தன்னார்வலர்களுக்குத் தனி வேலையாகிவிடுகிறது. பணம் நல்லது, ஆனால் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். 2020இல் நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் முகநூலில் திரட்டத் தொடங்கிய நிதி 5 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. கொடுத்தவர்களில் பலர் வீடிழந்தோருக்கும் விலங்குகளுக்கும் போகும் என்று எண்ணினார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது கிராமத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளைக்கு. அதன் ஆவணம் அனுமதிக்காத வேறு செலவுக்கு அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று அந்த ஆண்டு மே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயணைப்புச் சேவையில் தொண்டு செய்யும் 70,000க்கும் மேற்பட்டோரும் உதவிக்கு உரியவர்கள்தாம். கொடுத்தவர்கள் நினைத்தது வேறு என்பதுதான் சிக்கல்.

உடலுழைப்புத் தர முடிந்தால், பிளேஸ்எய்ட் என்னும் அமைப்பு 2009 விக்டோரியா தீக்குப் பிறகு தொடங்கப்பட்டது. எரிந்த பண்ணைகளின் வேலிகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு மறுபடி கட்டித் தருகிறது. வேலி இல்லாவிட்டால் தப்பிய மாடுகளையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பண்ணைக்காரருக்கு அது பெரிய உதவி. கம்பி இழுக்கத் தெரியாதவர்களுக்கு முகாமில் சமையல் வேலையும் இருக்கும். ஐம்பது பேருக்குச் சாம்பார் வைத்துப் பழகிய குழு என்றால் தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தாகத்தில் தவிக்கும் கோலாவுக்கு ஒருவர் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கும் படத்தைப் பார்த்து என் பேரன் தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்கிறான்.
– சேலம் வாசகி

பதில்: செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். கோலா இயல்பில் தலையைக் குனிந்து குடிக்கும்; தலையை நிமிர்த்தி வாயில் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் போய் இறக்கக்கூடும். ஒரு தட்டில் நீரைத் தரையில் வைத்து விலகி நின்று, வனவிலங்கு மீட்பு எண்ணுக்கு அழைப்பதே சரி.

கேள்வி: அறை பதிவு செய்த பிறகு அந்த வட்டாரத்தில் தீ என்று செய்தி வந்தால் ரத்து செய்துவிடலாமா? காப்பீட்டில் பணம் வருமா?
– பிரிஸ்பன் வாசகர்

பதில்: வெளியேறச் சொன்னாலோ, சாலையை மூடினாலோ மறுபேச்சின்றிப் போகாதீர்கள். ஆனால் முதலில் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள்; 'தெற்குக் கடற்கரையில் தீ' என்ற ஒரு தலைப்பு 300 கிலோமீட்டரை ஒரே சொல்லில் அடக்கிவிடும். பிறகு விடுதிக்காரரையே அழைத்துக் கேளுங்கள். தம் ஊர்ச் சாலை திறந்திருக்கிறதா என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. போக முடியாது என்றானால், பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு முன், அதே முன்பணத்தை இலையுதிர்காலத்துக்கோ அடுத்த விடுமுறைக்கோ மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இழப்பில்லை, அவருக்கு அந்த மாதச் சம்பளம் கொடுக்கக் கையில் பணம் நிற்கும். காப்பீட்டைப் பொறுத்தவரை, தீ பற்றிய செய்தி வெளியான பிறகு எடுக்கும் பயணக் காப்பீடு பொதுவாக அந்தத் தீக்குப் பொருந்தாது. பயணச்சீட்டு வாங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். காட்டுத்தீயால் நேரும் ரத்துக்கு ஈடு உண்டா என்ற வரியைப் பத்திரத்தில் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.